திருமேனி வினை

பல்லேடியம்னு ஒரு உலோகம். கேள்விப்பட்டிருக்கீங்களா சார்? இல்லையா? ரொம்ப நல்லதாப் போச்சு. கேள்விப்பட்டவங்ககிட்ட இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. பாதியிலேயே ஒரு மாதிரி தலையை ஆட்ட ஆரம்பிச்சுடுவாங்க. நீங்க திராட்சைத் தோட்டக்காரர். கடைசி வரைக்கும் கேப்பீங்க. உத்தமபாளையம் போய்ச் சேர இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொல்றார்.

என் பேரு திருமேனிநாதன். கெமிஸ்ட்ரி புரொபசர். ஒரு பொருளோட இன்னொரு பொருளைச் சேத்து, இதுவரைக்கும் உலகத்துல இல்லாத மூணாவது பொருளை உண்டாக்குறது என் வேலை. "இல்லாததை எதுக்குங்க உண்டாக்கணும்?"னு கல்யாணமான வாரமே என் சம்சாரம் கேட்டா. முப்பத்தோரு வருஷமா பதில் யோசிச்சிட்டிருக்கேன். அவ கேக்குறதை நிறுத்திட்டா.

நான் ஆராய்ச்சி மாணவனா இருந்தப்ப ஆறு வருஷம் ஒரே ஒரு பொருளைத்தான் செஞ்சேன். மொத்தம் பதினேழு படி. ஒவ்வொரு படியிலயும் பாதி போயிடும். முதல் படியில ரெண்டு கிலோ போட்டேன். பதினேழாவது படியில கையில நின்னது பதினாலு மில்லிகிராம். மஞ்சள் பொடி. ஒரு எறும்பு நினைச்சா தூக்கிட்டுப் போயிடும், அவ்வளவுதான். அதைக் கண்ணாடித் தட்டுல வெச்சு என் கைடுகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். அவர் குனிஞ்சு பாத்தார். "ரொம்ப சந்தோஷம்ப்பா"ன்னார். "என்ன இவ்வளவு புழுக்கமா இருக்கு?"ன்னு சொல்லிக்கிட்டே ஃபேன் சுவிட்சைப் போட்டார்.

அவ்வளவுதான் சார்.

நான் அழல. விளக்குமாறை எடுத்தேன். ரூம் முழுக்கக் கூட்டி, பீரோவுக்கு அடியில கூட்டி, அந்தக் குப்பையை அப்படியே ஆல்கஹால்ல ஊறவெச்சு, வடிகட்டி, பிரிச்சு, ஒன்பது மில்லிகிராம் திரும்ப எடுத்தேன். அந்தக் குப்பையிலதான் எனக்கு டாக்டர் பட்டம் வந்துச்சு. எதுக்குச் சொல்றேன்னா, தூசி தும்பு அழுக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. அப்படிப்பட்ட என்கிட்ட வந்து ஒரு பொண்ணு, "சார், உங்க ரியாக்‌ஷன்ல அழுக்கு இருக்கு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

இருங்க, வரிசையாச் சொல்றேன்.

இந்தப் பல்லேடியம் இருக்கே, அது ஒரு கல்யாணத் தரகர் மாதிரி. கார்பன் வளையம் ரெண்டு இருக்கும். தானாச் சேராது. வருஷக்கணக்கா ஒரே குடுவைக்குள்ள போட்டு வேகவெச்சாலும் ஒண்ணையொண்ணு திரும்பிப் பாக்காது. பல்லேடியத்தைத் துளி போட்டா, அது ரெண்டையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து சேத்துவெச்சுட்டு, தான் ஒதுங்கிக்கும். அடுத்த ஜோடிக்குப் போயிடும். பாதி மருந்து மாத்திரை இப்படித்தான் வருது. ஆனா அது பூமியில ரொம்பக் கொஞ்சமாத்தான் கிடைக்குது. அதனால உலகம் முழுக்க, பல்லேடியம் இல்லாம இதைச் செய்ய முடியுமா முடியுமான்னு முட்டிக்கிட்டிருந்தாங்க.

நான் செஞ்சேன்.

நம்ப முடியலல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. என் கீழ ஜுபைதான்னு ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தா. உத்தமபாளையத்துப் பொண்ணுதான், இப்ப அவளைப் பாக்கத்தான் போறேன். நாலு வருஷமா அவளுக்குப் பல்லேடியத்துலதான் வேலை. கெட்டிக்காரி. பேச்சு மட்டும் கொஞ்சம் கூடுதல். அவ அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த சமயம், என் ரூம்ல கரண்ட் இல்ல. லேப்ல மட்டும் ஜெனரேட்டர் ஓடுது. காத்து வாங்கலாம்னு லேப்புக்குப் போனேன். போன இடத்துல சும்மா உக்காந்திருப்பானேன்? ஒன்பது வருஷம் கழிச்சு நானே என் கையால ஒரு ரியாக்‌ஷன் போட்டேன். கழுவி வெச்சிருந்த ஒரு குடுவையை எடுத்தேன். உள்ள மேக்னெட் கிடந்துச்சு. மேக்னெட்னா, மாத்திரை சைஸுக்கு ஒரு காந்தம், மேல வெள்ளைப் பிளாஸ்டிக் உறை. அடுப்பு மேல குடுவையை வெச்சா, அது உள்ளயே சுத்திக் கலக்கிக்கிட்டே இருக்கும். ரெண்டு வளையத்தையும் போட்டேன். சலவைச் சோடா போட்டேன். தண்ணி ஊத்தினேன். நாலு மணி நேரம் கொதிக்கவிட்டேன்.

பொருள் வந்துடுச்சு. நூத்துக்கு எண்பத்திரண்டு.

அப்புறம்தான் பாக்குறேன், பல்லேடியம் பாட்டில் பூட்டின அலமாரிக்குள்ளயே இருக்கு. போட மறந்துட்டேன்!

சார், நான் கத்தின கத்துல கட்டடமே அதிர்ந்துச்சு. எங்க அட்டெண்டர் சவரிமுத்து ஓடி வந்து, "என்ன சார், கொட்டிட்டீங்களா?"ன்னு கேக்குறார். "தரகரே இல்லாம கல்யாணம் நடந்துடுச்சு சவரிமுத்து!"ன்னு அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அவர் பெரிய மகளுக்கு அப்பத்தான் வரன் பாத்துக்கிட்டிருந்தார். தப்பா எடுத்துக்கிட்டு ரெண்டு நாள் என்கூடப் பேசல.

இதுல முக்கியமா ஒண்ணு கவனிக்கணும். மறந்தது யாரு? நான். அப்ப கண்டுபிடிச்சது யாரு? மறக்குறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல? மூணே மாசத்துல பேப்பர் எழுதி வெளிநாட்டுப் பத்திரிகையில போட்டேன். வினைக்குப் பேர் வைக்கணும்ல? ஆள் பேரை வைக்கிறதுதான் எங்க வழக்கம். மத்தவங்கதான் வைப்பாங்க. அவங்களுக்கு ஏன் சிரமம்னு நானே வெச்சுட்டேன், திருமேனி வினைன்னு.

நான் பேப்பரை எழுத ஆரம்பிச்ச வாரமே ஜுபைதா ஊர்லேருந்து வந்தா. ஸ்வீட் பாக்ஸை மேசையில வெச்சா. எல்லாத்தையும் கேட்டா. நேரா அந்தக் குடுவைகிட்டப் போய், மேக்னெட்டை எடுத்து, உள்ளங்கையில வெச்சுப் பாத்தா.

"சார், இது என் மேக்னெட் சார்."

"இருக்கட்டும்மா. யார் மேக்னெட்டா இருந்தா என்ன?"

"முனை கறுத்திருக்கு பாருங்க. நாலு வருஷமா பல்லேடியத்துல சுத்தின மேக்னெட் சார் இது. ஒட்டிக்கிட்டிருக்கு. அதுதான் வேலை செஞ்சிருக்கு."

நான் சிரிச்சேன். "மேக்னெட் சுத்தும்மா. அதோட வேலை அவ்வளவுதான்"னேன்.

அவ சிரிக்கல. புது மேக்னெட் ஒண்ணைப் போட்டு அதே ரியாக்‌ஷனைச் செஞ்சா. ஒண்ணும் வரல. பழைய மேக்னெட்டைப் போட்டுச் செஞ்சா, வந்துச்சு. திரும்பப் புதுசு. வரல. திரும்பப் பழசு. வந்துச்சு. இப்படியே பன்னெண்டு தடவை. நோட்டைக் கொண்டாந்து என் முன்னாடி விரிச்சா. "இப்ப என்ன சார் சொல்றீங்க?"

"நீ வரக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே போடுற ஜுபைதா. அப்புறம் எப்படி வரும்?"னு கேட்டேன்.

இல்ல சார், நானும் புது மேக்னெட்ல போட்டுப் பாத்தேன். பாக்காமப் பேசுற ஆள் இல்ல நான். வரல. ஆனா அன்னைக்கு மழை. மழைன்னா காத்துல ஈரம் இருக்கும்ல? உடனே ரெண்டாவது பேப்பர் எழுதினேன். காற்றின் ஈரப்பதம் அறுபதுக்குக் கீழ இருக்கணும்னு. ஜுபைதா அந்தப் பேப்பர்ல தன் பேரைப் போடக்கூடாதுன்னுட்டா. அவளுக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் கடிதாசு வர ஆரம்பிச்சுது. ஸ்வீடன்ல வரல, கனடாவுல வரல, கொரியாவுல வரல. ஜப்பான்ல ஒருத்தர், ரொம்ப மரியாதையான மனுஷர், பதினாலு ஈமெயில் போட்டார். ஒவ்வொண்ணுலயும் முதல் வரி, தன்னோட அறிவுக்குறைவை மன்னிக்கணும்னு இருக்கும். ஈரப்பதத்தைப் பத்தி எழுதினேன். அவர் லேப் ஈரமானியைப் போட்டோ எடுத்து அனுப்பினார். நாப்பத்தஞ்சு காட்டுது. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. தண்ணி! எங்க ஊர் கார்ப்பரேஷன் தண்ணியில இருக்குற சத்து அங்க வருமா? அஞ்சு லிட்டர் கேன்ல பிடிச்சு, மூடிக்கு மேல மெழுகு ஊத்தி, கூரியர்ல அனுப்பினேன். கூரியர்காரர், "தண்ணியா சார்? அங்க தண்ணி இல்லையாமா?"ன்னு கேட்டார். ஜப்பான்காரர் அந்தத் தண்ணியிலயும் போட்டுப் பாத்துட்டார். வரல. மன்னிப்புக் கேட்டு எழுதினார். மிச்சத் தண்ணியைத் திருப்பி அனுப்பணுமான்னும் கேட்டிருந்தார்.

இதுக்கு நடுவுல ஜுபைதா தீசிஸ் எழுதி முடிச்சுட்டா. ஆறு அத்தியாயம். அஞ்சாவது அத்தியாயம் என்ன தெரியுமா? அந்த மேக்னெட். ஒரு மேக்னெட்டைப் பத்தி நாப்பத்தொரு பக்கம்! அதோட உறை எங்கெங்க கீறியிருக்கு, கீறல்ல என்ன படிஞ்சிருக்குன்னு மைக்ராஸ்கோப்ல படம் வேற.

"அஞ்சாவது அத்தியாயத்தை எடுத்துடு. மத்ததுக்குக் கையெழுத்துப் போடுறேன்"னேன்.

"அஞ்சாவதுதான் சார் கண்டுபிடிப்பு. மத்ததெல்லாம் வேலை"ன்னா.

எப்படிப் பேசுறா பாருங்க. கைடு கையெழுத்து இல்லாம தீசிஸை உள்ள வாங்க மாட்டாங்க. அவளும் எடுக்கல, நானும் போடல. எட்டு மாசம் பாத்தா. அப்புறம் ஒருநாள் மேசையைக் காலி பண்ணிட்டு, எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு, என்கிட்டயும் "வர்றேன் சார்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டா. இப்ப அவ ஊர்லயே ஒரு ஸ்கூல்ல பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்குறாளாம். ரெண்டு வருஷம் ஆச்சு. அவ பதிவு இன்னும் நாலு மாசத்துல காலாவதி ஆகப்போகுது. அதுக்குள்ள தீசிஸ் உள்ள போகலேன்னா ஆறு வருஷ வேலையும் காத்துல போன மாதிரிதான். நான் என்ன செய்ய முடியும் சார்? பிடிவாதம் யாருக்கு, எனக்கா அவளுக்கா?

அவ போனப்புறமும் ரியாக்‌ஷன் நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்துச்சு. மூணாவது பேப்பர் போட்டேன். அந்த மேக்னெட்தான் போடுவேன். அதுல ஒண்ணும் இல்ல, ராசின்னு வெச்சுக்கங்களேன்.

போன மாசம்தான் வந்துச்சு வினை. திருமேனி வினை இல்ல, என்னோட வினை. பத்திரிகைக்காரங்க எங்க யுனிவர்சிட்டிக்கு எழுதிட்டாங்க. உங்க புரொபசர் செஞ்சு காட்டட்டும், இல்லேன்னா மூணு பேப்பரையும் எடுத்துடுவோம்னு. பெங்களூர்லேருந்து ஹெக்டேன்னு ஒருத்தர் தலைமையில மூணு பேர் கமிட்டி வந்தாங்க. நான் பயப்படல. வரட்டும், கண்ணால பாத்துட்டுப் போகட்டும்னு இருந்தேன்.

சவரிமுத்து இருக்காரே, இருபத்தாறு வருஷம் என் கூட. தங்கமான மனுஷர். பெரிய மனுஷங்க வர்றாங்க, லேப் பளபளன்னு இருக்கணும்னு அவருக்கு. முந்தின நாள் எனக்கு மீட்டிங். நான் அந்தப் பக்கம் போனதும் இவர் எல்லாக் குடுவையையும், எல்லா மேக்னெட்டையும் எடுத்து ராஜ திராவகத்துல ஊறவெச்சுட்டார். தெரியுமா ராஜ திராவகம்? தங்கத்தையே கரைக்கிற ஆசிட். காலையில வந்து பாக்குறேன், மேக்னெட் மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு. சவரிமுத்து என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறார், பாராட்டுவேன்னு. பாராட்டினேன். ஏன் பாராட்டக்கூடாது? மேக்னெட்ல ஒண்ணும் இல்லேன்னு சொல்றவன் நான். எனக்கு அது கறுப்பா இருந்தா என்ன, வெள்ளையா இருந்தா என்ன?

ஆனா அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்துல பாத்தேன் சார். சும்மாத்தான்.

கமிட்டி முன்னாடி போட்டேன். நாலு மணி நேரம் கொதிச்சுது. மூணு பேரும் அசையாம உக்காந்து குடுவையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. எடுத்துப் பாத்தா, போட்டது போட்டபடி இருக்கு. ஒரு துளி சேரல. பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லாத வெந்நீர்.

ஹெக்டே தொண்டையைக் கனைச்சார். நான் விடல. "நீங்க இப்படி முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தா எப்படி சார் சேரும்? கொஞ்சம் வெளிய இருங்க"ன்னேன். இன்னிக்கு நினைச்சா எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு. ஆனா அவங்க போனாங்க சார்! மூணு டாக்டரும் எந்திரிச்சுப் போய் வெளிய புங்க மரத்தடியில நாலு மணி நேரம் நின்னாங்க. சவரிமுத்து ஸ்டூல் கொண்டுபோய்ப் போட்டார். டீ கொடுத்தார். ஒருத்தர் மட்டும் நடுவுல ஜன்னல் வழியா எட்டிப் பாத்தார். நான் பாத்துட்டேன். அதையும் அறிக்கையில எழுதணும்னு சொன்னேன், எழுதல.

ரெண்டாவது தடவையும் வெந்நீர்.

அறுபது நாள் டைம் கொடுத்துட்டுப் போனாங்க. நான் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். சவரிமுத்து வந்து பக்கத்துல நின்னார். கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. "சார், நான் கழுவுனதாலயா?"ன்னு கேட்டார். "சேச்சே, கழுவினா எதுவும் ஆகாது"ன்னேன். துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் மெதுவா, "ஜுபைதா பாப்பா போகும்போது ஒரு ஊறுகா பாட்டில்ல தன்னோட மத்த மேக்னெட்டெல்லாம் போட்டு எடுத்துட்டுப் போச்சு சார். ஒண்ணும் கழுவாததுதான்"னார்.

என்ன சார் சொல்றீங்க? சொல்லுங்க சொல்லுங்க. ஓ, உங்க தோட்டத்துலயா? களைக்கொல்லி அடிச்ச டேங்க்கைக் கழுவிட்டு, அதுலயே திராட்சைக்கு மருந்து கலந்து அடிச்சீங்களா? ஐயையோ. கொடி பூரா கருகிடுச்சா? எத்தனை தடவை கழுவினீங்க? மூணு தடவை கழுவியுமா? ம்... பிளாஸ்டிக்ல ஊறிப்போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும். துளி இருந்தாலும் போதும், வேலையைக் காட்டிடும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே சார், நீங்க கவனமா இருந்திருக்கணும்.

எதுக்குச் சிரிக்கிறீங்க? அது வேற சார். அது விவசாயம்.

விடுங்க. ஜுபைதாவுக்குப் போன் பண்ணினேன். ரெண்டு வருஷம் கழிச்சு. "நல்லா இருக்கீங்களா சார்? பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"ன்னு கேக்குறா. நான் எதிர்பாக்கல. "அந்த மேக்னெட் பாட்டில் இருக்காமே, எனக்கு வேணும்மா"ன்னேன்.

"எதுக்கு சார்?"

"ஒரு ஞாபகத்துக்குத்தான்."

"தர்றேன் சார். நீங்களே வந்து வாங்கிக்கங்க. ஆனா ஒண்ணு. என் அஞ்சாவது அத்தியாயத்தை முழுசாப் படிச்சுட்டு வரணும். படிச்சிருக்கீங்களான்னு கேள்வி கேப்பேன்"னா.

எனக்குக் கேள்வி கேப்பாளாம்! சார், நான் அதைப் படிச்சதே இல்ல. தலைப்பைப் பாத்தேன், படத்தைப் பாத்தேன், மூடி வெச்சுட்டேன். படிச்சாத்தானா? இது என்னன்னு தெரியாதா எனக்கு? அலமாரியில தேடி எடுத்தேன். இதோ, மடியில இருக்கே, இதுதான். சிவப்புப் பேனாவை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கும், அதை வட்டம் போட்டுக் காட்டிடலாம், அவ வாயை அடைச்சுடலாம்னு.

நாலு தடவை படிச்சேன் சார். நாப்பத்தொரு பக்கத்தையும். கணக்கெல்லாம் நானே திரும்பப் போட்டுப் பாத்தேன். பன்னெண்டு தடவை செஞ்சான்னேன்ல? அது நான் பாத்தது. அதுக்கப்புறம் அறுபத்திமூணு தடவை செஞ்சிருக்கா. மழை நாள்ல தனியா, வெயில் நாள்ல தனியா. கார்ப்பரேஷன் தண்ணியில தனியா. என் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு, பேராசிரியர் கையால் போட்டவை, மாணவி கையால் போட்டவைன்னு அதுக்கும் ஒரு அட்டவணை போட்டிருக்கா. ஒரு தப்புகூடக் கிடைக்கல. ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல. அவ்வளவு கெட்டிக்காரத்தனம் சார். தப்பே தெரியாத மாதிரி எழுதியிருக்கா!

கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்கு. "கண்ணுக்குத் தெரியாத அளவு பல்லேடியம் இவ்வளவு வேலை செய்யும் என்பதை முதன்முதலில் காட்டியது என் வழிகாட்டி பேராசிரியர் திருமேனிநாதனின் பரிசோதனையே." இதை எதுக்கு எழுதினா? நான் இப்படி எதுவும் காட்டலையே. நான் காட்டினது வேறல்ல? ஆனா அந்த வரியை மட்டும் நாலு தடவைக்கு மேல படிச்சுட்டேன்.

இதுதான் கையெழுத்துப் போடுற பக்கம். பாருங்க, அவ போட்டிருக்கா, தேதியோட. பக்கத்துல காலியா இருக்குல்ல, அது எனக்கு. போட்டுரலாமேன்னு சொல்றீங்க. ஈஸியாச் சொல்லிட்டீங்க. இதுல போட்டா அவ டாக்டர் ஜுபைதா. நான் யாரு சார்? திருமேனி வினை எங்க போகும்? முப்பத்தோரு வருஷத்துல எனக்குன்னு இருக்குறது அது ஒண்ணுதான்.

அது சின்னமனூர்தானே? அப்ப பக்கத்துல வந்துட்டோம். பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்கா. எதுக்கும்மா, வெயில்ல நிக்க வேணாம்னு சொன்னேன். கேக்க மாட்டா.

சார், உங்ககிட்ட பேனா இருக்கா? என்கிட்டயும் இருக்கு, ஆனா எல்லாம் சிவப்பு. திருத்துறதுக்கு மட்டும் வெச்சுப் பழகிட்டேன். உங்க பையில நீலம் தெரியுதே, அதைக் கொடுங்க. இல்ல இல்ல, ஒண்ணுக்கும் இல்ல. எழுதுதான்னு பாக்குறேன், அவ்வளவுதான். வேற காகிதம் கையில இல்ல.

இந்த டிரைவர் கொஞ்சம் மெதுவாப் போகக்கூடாதா? குலுக்குற குலுக்குல "திரு"வே கோணலாப் போகுது... "நாதன்" பரவாயில்ல... தேதி என்ன சார் இன்னிக்கு?

எழுதுது சார். நல்ல பேனாதான்.